கட்டடம் கட்டுறதுக்கு முன்னாடி மண்ணு போரிங்: எந்த முறை எங்க சரி வரும், எங்க ஏமாத்தும்

சாயில் டெஸ்ட் பண்ணணும்னு சொன்னதும் நிறைய பேர் கேக்குற முதல் கேள்வி, "ஏற்கனவே தண்ணிக்கு போர் போட்டாச்சே, அதுல என்ன மண்ணு வந்துச்சுன்னு தெரியுமே, அது போதாதா"ங்கறதுதான். போதாதுங்க. தண்ணி போர் போடற ரிக் காத்தடிச்சு பாறையை நொறுக்கி தூளா மேல தள்ளும், நடுவுல இருந்த களிமண்ணு இறுக்கமா இருந்துச்சா கொழகொழன்னு இருந்துச்சான்னு அதுல ஒண்ணும் தெரியாது, எந்த ஆழத்துல மண்ணு மாறுச்சுங்கறது கூட குத்துமதிப்புதான். கட்டடத்துக்கு வேண்டியது மூணு விஷயம். ஒவ்வொரு ஆழத்துலயும் என்ன மண்ணு, அது எவ்வளவு உறுதி, தண்ணி எந்த மட்டத்துல நிக்குது. இந்த மூணையும் கலையாம மேல கொண்டு வர்றதுக்குத்தான் தனியா போர் ஹோல் போடறோம்.

முறைன்னு பாத்தா ஆகர், வாஷ் போரிங், ரோட்டரி, பெர்கஷன்னு பல இருக்கு. இதுல எது ஒசத்தின்னு கேட்டா எங்கிட்ட பதில் கிடையாது, ஒவ்வொண்ணும் ஒரு வகை மண்ணுல நல்லா வேலை செய்யும், இன்னொரு வகை மண்ணுல சத்தமே இல்லாம தப்பு ரிசல்ட் குடுக்கும். அந்தத் தப்பு எங்க வரும்னு தெரிஞ்சு வச்சிக்கிட்டா ட்ரில்லர் எந்த மெஷினை இறக்கினாலும் பக்கத்துல நின்னு சரியா வேலை வாங்கிடலாம். அதனால இங்க முறையை விளக்கறதை விட அது எங்க சறுக்கும்னுதான் அதிகமா எழுதப் போறேன்.

எத்தனை ஓட்டை, எவ்வளவு ஆழம்

சின்ன கட்டடம்னாலும் ஒரே ஓட்டையோட நிறுத்தாதீங்க. ஒரு போர் ஹோல் அந்த ஒரு புள்ளியைப் பத்தி மட்டும்தான் சொல்லும், ரெண்டு இருந்தா நடுவுல கோடு இழுக்கலாம், மூணு இருந்தாத்தான் அடுக்கு எந்தப் பக்கம் சரியுதுன்னே தெரியும், அந்த மூணும் ஒரே நேர்கோட்டுல இருந்துடக் கூடாது. உயரமான கட்டடம், ஃபேக்டரி மாதிரி வேலைகளுக்கு ஐரோப்பாவுல அஸ்திவார வேலைக்கு வச்சிருக்கிற விதித் தொகுப்பான யூரோகோட் 7 சொல்றது 15லேர்ந்து 40 மீட்டர் இடைவெளி. பாரம் எங்க அதிகமா இறங்குதோ அங்க ஒண்ணு கண்டிப்பா இருக்கணும். பழைய கிணறு, குட்டை, குப்பைக்குழி இருந்து மூடின இடம்னு அக்கம்பக்கத்துல விசாரிச்சு தெரிஞ்சா அங்கயும் ஒண்ணு. இந்த விசாரணைக்கு செலவு எதுவும் கிடையாது, ஆனா அதைத்தான் முக்கால்வாசி பேர் செய்யறதே இல்ல.

ஆழம்தான் பெரிய சண்டை. பாரம் கீழ போகப் போக விரிஞ்சு குறையும், சதுர ஃபுட்டிங்னா (தூணுக்கு அடியில போடற கான்கிரீட் தளம்) அகலத்தைப் போல ரெண்டு மடங்கு ஆழத்துல மேல குடுத்த அழுத்தத்துல ஏறக்குறைய பத்துல ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால அஸ்திவார மட்டத்துக்குக் கீழ அகலத்தைப் போல ஒன்றரையிலேர்ந்து ரெண்டு மடங்கு வரைக்கும் பாக்கணும்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க. 2 மீட்டர் ஃபுட்டிங்னா கீழ 4 மீட்டர், இது வரைக்கும் எல்லாருக்கும் புரியும். ஆனா ஃபுட்டிங் எல்லாம் நெருக்கி நெருக்கி இருந்தா கீழ போனதும் ஒண்ணோட பாரம் இன்னொண்ணோட சேர்ந்துடும், அப்ப தனி ஃபுட்டிங்கோட அகலத்தை எடுக்கக் கூடாது, கட்டடத்தோட மொத்த அகலத்தையும் எடுக்கணும். கட்டடம் முழுக்க ஒரே பலகையா போடற ராஃப்ட் அஸ்திவாரத்துக்கும் அதே கதைதான், 15 மீட்டர் அகல ராஃப்ட்னா 22 மீட்டராவது கீழ போகணும். பைல், அதாவது மண்ணுக்குள்ள ஆழமா இறக்கற தூண், போடறதா இருந்தா பைலோட நுனிக்குக் கீழயும் சில மீட்டர் போய்ப் பாக்கணும், நுனி எதுமேல உக்காருதுங்கறதுதானே முக்கியம்.

இதுல கோட்டை விட்டா என்ன ஆகும்னு காட்ட கனடாவுல வின்னிபெக் பக்கத்துல டிரான்ஸ்கோனா தானியக் கிடங்கு இருக்கு. கட்டறதுக்கு முன்னாடி அஸ்திவாரக் குழியில சின்ன தட்டு வச்சு பாரம் ஏத்திப் பாத்தாங்க, மேல இருந்த கெட்டி களிமண்ணு நல்லாவே தாங்குச்சு, சரின்னு கட்டிட்டாங்க. 1913 அக்டோபர்ல கிடங்குல தானியம் நிரப்பிட்டு இருக்கும்போது மொத்த கட்டடமும் ஒரு பக்கமா இறங்க ஆரம்பிச்சு, ஒரு நாளுக்குள்ள 27 டிகிரி சாய்ஞ்சு நின்னுச்சு. கட்டடம் கெட்டியா இருந்ததால உடையல, அடியில தோண்டி நிமித்திட்டாங்க, அது வேற கதை. பல வருஷம் கழிச்சு 1951ல அங்க போர் போட்டுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, கெட்டி களிமண்ணுக்குக் கீழ மெத்துன்னு இன்னொரு களிமண் அடுக்கு இருந்திருக்கு. சின்ன தட்டோட பாரம் அந்த ஆழத்துக்கு எட்டவே இல்ல, ராஃப்ட்டோட பாரம் எட்டிடுச்சு. ஆழத்தைக் குறைச்சு காசு மிச்சம் பண்ணலாம்னு யாராவது சொன்னா இந்தக் கட்டடத்தோட ஃபோட்டோவைத் தேடிக் காட்டுங்க.

இன்னொண்ணு, ஆழத்தை பேப்பர்ல எழுதிட்டோம்னு அங்கயே நிறுத்திடக் கூடாது. அந்த ஆழத்துல இன்னும் கொட்டின மண்ணோ, கருப்பா நாத்தமடிக்கிற மக்குன மண்ணோ, மெத்து களிமண்ணோ வந்துட்டு இருந்தா அதைத் தாண்டி உறுதியான அடுக்குக்குள்ள கொஞ்ச தூரம் போய்த்தான் நிறுத்தணும். ஒப்பந்தத்துலயே இப்படி எழுதி வாங்கிக்கோங்க, இல்லன்னா பேசுன மீட்டர் முடிஞ்சதும் ரிக்கை மடக்கிடுவாங்க.

ஓட்டை போடறதுக்கு முன்னாடி தரைக்குள்ள கரண்ட் கேபிள், கேஸ் லைன், தண்ணிக் குழாய் இருக்கான்னு பாத்துட்டு, முதல் ஒரு மீட்டரை கையாலயே தோண்டிடுங்க. மேல கரண்ட் கம்பி போகுதான்னும் பாக்கணும், ரிக்கோட முக்காலியை நிமித்தும்போது கம்பியில பட்டா அவ்வளவுதான்.

சோதனைக் குழியும் கை ஆகரும்

ஆழம் கம்மியா போதும்னா குழி தோண்டிப் பாக்கறதை விட நல்ல வழி எதுவும் இல்லன்னு நான் நினைக்கிறேன். 2, 3 மீட்டர் வரைக்கும் அடுக்கு அடுக்கா கண்ணால பாக்கலாம், கட்டியா வெட்டி கலையாத சாம்பிள் எடுக்கலாம், கொட்டின மண்ணா இயற்கை மண்ணான்னு பாத்ததும் தெரிஞ்சிடும். ஆனா குழிக்குள்ள ஆள் இறங்கறது ஆபத்து. ஆழம் 1.5 மீட்டரை நெருங்கிட்டாலே பக்கத்துக்கு முட்டு குடுக்காம இறங்கக் கூடாது, நின்னுட்டு இருக்கிற சுவர் எந்த அறிகுறியும் காட்டாம சரியும். அஸ்திவாரம் வரப்போற இடத்துக்கு நேரா குழி தோண்டாதீங்க, கொஞ்சம் தள்ளித் தோண்டுங்க, இல்லன்னா அந்தக் குழியை மூடுன தளர்ந்த மண்ணுமேலயே ஃபுட்டிங் வந்து உக்காரும்.

கை ஆகர்ங்கறது டி வடிவ கைப்பிடி வச்சு திருகி இறக்கறது. களிமண்ணு, வண்டல், ஈரம் இருக்கிற மணல்னா 5, 6 மீட்டர் வரைக்கும் ரெண்டு பேர் திருகி இறக்கிடலாம். தண்ணி மட்டத்துக்குக் கீழ மணல் வந்தா ஓட்டை நிக்காது, மேல இழுக்கறதுக்குள்ள மூடிக்கும். சரளையில ஒரு கல்லு குறுக்க வந்தாலே நின்னுடும், அதைப் பாறைன்னு எழுதறவங்களும் இருக்காங்க. அப்படி நின்னா ஒரு மீட்டர் தள்ளி இன்னொரு ஓட்டை போட்டுப் பாருங்க, ரெண்டும் ஒரே ஆழத்துல நின்னாத்தான் யோசிக்கணும். ஆகர்ல வர்ற மண்ணு கலைஞ்ச மண்ணு, என்ன வகைன்னு பாக்கலாம், எவ்வளவு உறுதின்னு பாக்க முடியாது. மேல இழுக்கும்போது ஓட்டையோட சுவர்ல இருக்கிற மண்ணும் ஒட்டிக்கிட்டு வரும், அதனால வெளிப்பக்கத்தை சீவித் தள்ளிட்டு உள்ள இருக்கறதை மட்டும் டப்பாவுல போடுங்க.

மெஷின் ஆகர்

லாரியில மாட்டின ஆகர் வேகமா போகும், தண்ணி தேவையில்ல, அதனால தண்ணி மட்டம் முதல்ல எங்க தட்டுப்படுதுன்னு நல்லா தெரியும். சிக்கல் என்னன்னா நீளமான திருகுல மண்ணு மேல ஏறி வர நேரம் ஆகும், இப்ப தரைக்கு வர்ற மண்ணு எந்த ஆழத்துதுன்னு சொல்லவே முடியாது, நடுவுல இருந்த ஒரு ஜாண் மணல் அடுக்கு கலந்து காணாமலே போயிடும். சுத்தறதை நிறுத்திட்டு, சுத்தாம நேரா மேல இழுத்து, திருகோட இலையில எந்த மண்ணு எங்க ஒட்டியிருக்குன்னு பாத்தா ஓரளவு கண்டுபிடிக்கலாம்.

இதுக்காகத்தான் நடுவுல குழாய் மாதிரி ஓட்டை இருக்கிற ஹாலோ ஸ்டெம் ஆகர் வந்துச்சு. ஓட்டை சரியாம தாங்கற கேசிங் குழாயோட வேலையையும் ஆகரே பாக்கும், நடுவுல இருக்கிற ஓட்டை வழியா சாம்பிளரை இறக்கி இன்னும் தொடாத மண்ணுல அடிக்கலாம். இதுவும் தண்ணி மட்டத்துக்குக் கீழ மணல்ல ஏமாத்தும். நடுவுல இருக்கிற அடைப்பை உருவினதும் வெளிய தண்ணி அதிகமா, உள்ள கம்மியா இருக்கறதால மணல் கொப்பளிச்சு குழாய்க்குள்ள ஏறிடும். அப்புறம் அடிக்கிற சோதனை (எஸ்பிடி, கீழ சொல்றேன்) அந்தத் தளர்ந்த மணல்லதான் நடக்கும், ரிசல்ட் ரொம்ப கம்மியா வரும், டிசைன் பண்றவர் பயந்து தேவையில்லாம பைல் போட சொல்லிடுவார். உள்ள எப்பவும் வெளித் தண்ணி மட்டத்தை விட உயரமா தண்ணி ஊத்தி வச்சிட்டா இது பெரும்பாலும் வராது.

வாஷ் போரிங்

முக்காலி, கப்பி, பம்ப், ஒரு தொட்டி, இவ்வளவுதான் சாமான். மேல கொஞ்ச தூரத்துக்கு கேசிங் பைப்பை அடிச்சு இறக்கிட்டு, உள்ள ராடு நுனியில உளி மாதிரி பிட் மாட்டி, தண்ணியை அழுத்தமா அடிச்சுக்கிட்டே ராடைத் தூக்கித் தூக்கிப் போட்டு திருப்புவாங்க, மண்ணு கரைஞ்சு தண்ணியோட மேல வந்து தொட்டியில விழும். லாரி போக முடியாத சந்துலயும் போடலாம், அதனால இது இன்னும் ஒழியல.

தொட்டியில படிஞ்ச மண்ணைப் பாத்து லாக் (எந்த ஆழத்துல என்ன மண்ணுன்னு எழுதற பதிவு) எழுதினா அந்த லாக்கைக் கிழிச்சுப் போட்டுடலாம். ஏன்னா மணல் கனமா இருக்கறதால தொட்டியில படியும், களிமண்ணும் வண்டலும் கலங்கலாவே ஓடிடும். கீழ இருந்தது பாதி களி கலந்த மண்ணா இருந்தாலும் தொட்டியில சுத்தமான மணல்தான் தெரியும். வாஷ் தண்ணியை ஒரே ஒரு விஷயத்துக்கு நம்பலாம், மாற்றத்துக்கு. தண்ணியோட நிறம் செம்மண் நிறத்துலேர்ந்து சாம்பலுக்கு மாறுது, கையில இருக்கிற ராடு நடுங்கற விதம் மாறுது, கரகரன்னு கல்லுல உரசற சத்தம் வருது, அனுப்பின தண்ணி திரும்ப வராமலே கீழ எங்கயோ போயிடுது, இதுல எது நடந்தாலும் உடனே தண்ணியை நிறுத்திட்டு ஆழத்தைக் குறிச்சுக்கிட்டு அங்க ஸ்பூன் சாம்பிள் (ரெண்டா பிளக்கற குழாயை அடிச்சு இறக்கி எடுக்கற மண்ணு) எடுக்கணும். அனுபவம் இருக்கிற ட்ரில்லர் ராடைப் பிடிச்சிருக்கிற கையிலயே சொல்லிடுவார், அவர் "மாறுதுங்க"ன்னு சொல்லும்போது ஃபோனைப் பாத்துட்டு இருக்காதீங்க.

தண்ணி நேரா கீழ பாய்ச்சற பிட்டா, பக்கவாட்டுல பாய்ச்சற பிட்டான்னு கேளுங்க. நேரா கீழ அடிச்சா சோதனை பண்ணப் போற மண்ணையே முன்கூட்டியே கிளறி விட்டுடும்.

ரோட்டரி

சுத்தற பிட்டு அரைச்சுக்கிட்டே போகும், ராடு வழியா பென்டோனைட்ங்கற களிமண் வகையைக் கரைச்சு அனுப்புவாங்க, அது அரைஞ்சதை மேல தூக்கிட்டு வரும், ஓட்டையோட சுவரையும் சரியாம தாங்கிப் பிடிக்கும். ஆழமா போகணும், பாறைக்குள்ள போகணும்னா இதுதான் வழி. பென்டோனைட் சுவர்ல பூசிக்கறதால தண்ணி மட்டம் மறைஞ்சு போகும், ஓட்டைக்குள்ள தெரியறது கரைசலோட மட்டம், நிலத்தடி நீரோடது இல்ல. லாக்ல அதைப் போய் தண்ணி மட்டம்னு எழுதியிருக்கிற ரிப்போர்ட் நிறைய சுத்திட்டு இருக்கு. சுண்ணாம்புப் பாறை இருக்கிற இடத்துல ராடு திடீர்னு அரை மீட்டர் சர்ருன்னு விழுந்தா உள்ள பொந்து இருக்குன்னு அர்த்தம், எத்தனை சென்டிமீட்டர் விழுந்துச்சுன்னு அந்த நிமிஷமே எழுதிடணும்.

பெர்கஷன்

கனமான உளியை கம்பியில கட்டித் தூக்கிப் போட்டு உடைக்கிறது. உருண்டைக் கல்லு, பாறாங்கல்லு கலந்த மண்ணுல மத்த மெஷின் எல்லாம் திணறும்போது இது போகும். களிமண்ணுக்கு களி வெட்டுற குழாய், மணலுக்கு அடியில வால்வு வச்ச குழாய்னு மாத்தி மாத்தி இறக்கற லேசான ரிக்கும் இருக்கு, பிரிட்டன்ல இது ரொம்ப சகஜம். மணல்ல அந்த வால்வு குழாயை வேகமா மேல இழுத்தா உறிஞ்சற மாதிரி ஆகி அடியில இருக்கிற மணலை இழுத்து தளர்த்திடும், நிதானமா இழுக்கச் சொல்லுங்க. உளி அடிச்ச இடத்துக்கு உடனே கீழ இருக்கிற மண்ணு நொந்து போயிருக்கும், சுத்தம் பண்ணாம அங்க எடுத்த சோதனையை நான் நம்ப மாட்டேன்.

எஸ்பிடி: இங்கதான் பக்கத்துல நிக்கணும்

ஸ்டாண்டர்ட் பெனிட்ரேஷன் டெஸ்ட், சுருக்கமா எஸ்பிடி. 1902 வாக்குல சார்லஸ் கௌ அப்படிங்கற அமெரிக்க கான்ட்ராக்டர் வாஷ் தண்ணியை நம்ப முடியாதுன்னு குழாயை அடிச்சு இறக்கி சாம்பிள் எடுக்க ஆரம்பிச்சதுலேர்ந்து வளர்ந்தது இது, 1958ல ஏஎஸ்டிஎம் டி 1586னு அமெரிக்கத் தரமாச்சு. சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 22476 பகுதி 3, இந்தியத் தரமான ஐஎஸ் 2131 எல்லாத்துலயும் அடிப்படை ஒண்ணுதான்.

63.5 கிலோ சுத்தியலை 76 சென்டிமீட்டர் உயரத்துலேர்ந்து விடணும், வெளி விட்டம் 51 மில்லிமீட்டர் இருக்கிற, ரெண்டா பிளக்கற ஸ்பூனை 15 சென்டிமீட்டர் மூணு தடவை இறக்கணும், ஒவ்வொரு 15க்கும் எத்தனை அடின்னு தனித்தனியா எழுதணும். முதல் 15 உக்கார வைக்கிறதுக்கு, அது கணக்குல வராது, கடைசி ரெண்டையும் கூட்டினா வர்றதுக்குப் பேர் 'என்' (N) மதிப்பு. 6, 9, 13 வந்தா என் 22. எழுதும்போது வெறும் 22னு எழுதாதீங்க, 6, 9, 13னு மூணையும் எழுதுங்க. 4, 5, 38னு வந்தா கடைசியில கல்லு மாட்டியிருக்கலாம், புது அடுக்கு ஆரம்பிச்சிருக்கலாம், கூட்டின 43ஐ மட்டும் பாத்தா அது எதுவுமே தெரியாது. சாதாரணமா 1.5 மீட்டருக்கு ஒண்ணு எடுப்பாங்க, மண்ணு மாறினா அங்கயும் ஒண்ணு.

மணல்னா என் 4க்குள்ள இருந்தா ரொம்ப தளர்வு, 10 வரைக்கும் தளர்வு, 30 வரைக்கும் நடுத்தரம், 50 வரைக்கும் நெருக்கம், அதுக்கு மேல ரொம்ப நெருக்கம். களிமண்ணுக்கு 2க்குக் கீழ ரொம்ப மெத்து, 4 வரை மெத்து, 8 வரை நடுத்தரம், 15 வரை கெட்டி, 30 வரை ரொம்ப கெட்டி, அதுக்கு மேல கடினம். களிமண்ணுக்கு இந்தக் கணக்கு ஒரு தோராயத்துக்குத்தான், மெத்து களியில வேன் ஷியர் டெஸ்ட் (இறக்கை வச்ச தண்டை மண்ணுக்குள்ள திருப்பிப் பாக்கறது) போட்டு பலத்தை நேராவே அளந்துடறது மேல்.

இப்ப ஏமாத்து வேலை. வின்ச் டிரம்முல கயிறு சுத்தி ஆள் இழுத்து விடற முறைன்னா, சாயங்காலம் ஆக ஆக கை வலிச்சு தூக்கற உயரம் 76லேர்ந்து 60க்கு வந்துடும், அடி எண்ணிக்கை ஏறிடும், மண்ணு உறுதியா இருக்கற மாதிரி தெரியும். ராடுல 76க்கு சாக்பீஸ்ல கோடு போட்டு வைங்க, 15, 30, 45க்கும் கோடு போடுங்க. கயிறு டிரம்முல ரெண்டு சுத்துக்கு மேல இருந்தா விடும்போது உரசல்ல சக்தி போயிடும். சுத்தியல் வகையைப் பொறுத்தும் மாறும், ஆட்டோமேட்டிக் சுத்தியல் கயிறு சுத்தியலை விட அதிக சக்தியை ராடுக்குக் குடுக்கும், ஒரே மண்ணுல அது கம்மி அடியிலயே இறங்கிடும். அதனாலதான் எல்லாத்தையும் 60 சதவீத சக்திக்குக் கொண்டு வந்து ஒப்பிடறாங்க. லாக்ல சுத்தியல் என்ன வகைன்னு இல்லன்னா அந்தத் திருத்தத்தைச் செய்யவே முடியாது.

தண்ணி மட்டத்துக்குக் கீழ நைஸ் மணலோ வண்டல் மணலோ இருந்து என் 15ஐத் தாண்டினா, அடிக்கிற வேகத்துல விரியப் பாக்கற மண்ணுக்குள்ள தண்ணி உடனே வர முடியாம மண்ணு தற்காலிகமா இறுகிக்கிட்டு அதிகமா காட்டும். மண்ணியல் இன்ஜினியர்களான டெர்சாகியும் பெக்கும் குடுத்த திருத்தம், 15க்கு மேல இருக்கறதுல பாதியை மட்டும் எடுத்துக்கோன்னு. 22ங்கறது 18.5 ஆயிடும். ஆனா லாக்ல திருத்தாத நம்பர்தான் இருக்கணும், திருத்தம் எல்லாம் அப்புறம் ஆபீஸ்ல.

50 அடி அடிச்சும் ஒரு 15 இறங்கலைன்னா அங்க நிறுத்திட்டு, எத்தனை சென்டிமீட்டர் போச்சுன்னு எழுதணும். எதிர்ப்பக்கம், சுத்தியல் விழறதுக்கு முன்னாடியே ராடோட எடையிலயே ஸ்பூன் இறங்கிடுச்சுன்னா அதையும் எழுதணும், வெக்கப்பட வேண்டியதில்ல, டிசைனருக்கு அதுதான் ரொம்ப வேண்டிய தகவல்.

ஸ்பூன் மேல வந்ததும் அவசரப்பட்டு பைக்குள்ள தட்டாதீங்க. நுனி ஷூவைக் கழட்டி ரெண்டு பாதியையும் மெல்ல பிரிச்சு அப்படியே தரையில வச்சு முதல்ல நீளத்தை அளங்க. 45 அடிச்சதுல 30தான் வந்திருக்குன்னா அதையும் குறிக்கணும். மேல் பக்கம் இருக்கிற சில சென்டிமீட்டர் பெரும்பாலும் ஓட்டை அடியில விழுந்து கிடந்த கழிசல், ஈரமா கலங்கலா நிறம் மாறியிருக்கும், அதைத் தள்ளிடுங்க. அப்புறம் கத்தியால நீளவாக்குல கீறி திறந்து பாருங்க. சாம்பல் களிக்கு நடுவுல தீக்குச்சி கனத்துக்கு மணல் கோடு ஓடுதா, வேர்த் துண்டு இருக்கா, செங்கல் தூள் இருக்கா? செங்கல் தூள் இருந்தா அது யாரோ கொட்டி நிரப்பின இடம், 4 மீட்டர் ஆழத்துல வந்தாலும் கொட்டின இடம்தான். அந்த மணல் கோடு சின்ன விஷயமா தெரியும், ஆனா களிமண்ணுலேர்ந்து தண்ணி வெளியேற அதுதான் வழி, கட்டடம் சீக்கிரம் இறங்கி நிக்குமா, வருஷக்கணக்கா இறங்கிட்டே இருக்குமாங்கறதையே அது மாத்திடும்.

வண்டலா களியான்னு சந்தேகம் வந்தா ஈர மண்ணை உள்ளங்கையில வச்சு இன்னொரு கையால தட்டுங்க, மேல தண்ணி பளபளன்னு வந்து, அழுத்தினதும் மறைஞ்சா வண்டல். உருட்டி 3 மில்லிமீட்டர் கனத்துக்கு திரியா வந்து உடையாம நின்னா களி. லேப் எப்படியும் சொல்லத்தான் போகுது, ஆனா எந்த சாம்பிளை லேபுக்கு அனுப்பறதுன்னு முடிவு பண்ண இது வேணும்.

கலையாத சாம்பிள்

ஸ்பூன் சாம்பிள் வகை பாக்கத்தான், அதோட சுவர் ரொம்ப கனம். குழாயோட இரும்புப் பரப்புக்கும் உள்ள வர்ற மண்ணோட பரப்புக்கும் உள்ள விகிதத்தை ஏரியா ரேஷியோன்னு சொல்வாங்க, ஸ்பூனுக்கு அது 110 சதவீதத்துக்கு மேல வரும், அதாவது உள்ள எடுத்த மண்ணை விட அதிகமா சுத்தி இருக்கிற மண்ணை நெருக்கித் தள்ளியிருக்கு. பலம், அமுங்கல் எல்லாம் பாக்கணும்னா 10 சதவீதம் போல இருக்கணும். மெல்லிசு சுவர் இருக்கிற ஷெல்பி குழாய், வெளி விட்டம் 76ன்னா 9 சதவீதம்தான் வரும். அதை அடிச்சு இறக்கக் கூடாது, ஒரே சீரா அழுத்தி இறக்கணும், கொஞ்ச நேரம் அப்படியே விட்டு, ஒரு சுத்து திருப்பி அடியில அறுத்துட்டு எடுக்கணும். மெழுகை உருக்கி ரெண்டு பக்கமும் ஊத்தி அடைச்சு, எது மேல் பக்கம்னு குழாயிலயே எழுதி, நிழல்ல நிமித்தி வைங்க. இவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்த குழாயை வண்டியோட பின்னாடி உருண்டு போற மாதிரி போட்டுட்டு வந்தா எடுக்காமலே இருந்திருக்கலாம். மணல்ல இந்தக் குழாய் நிக்காது, வழுக்கி விழுந்துடும், அங்க எஸ்பிடியோ கோன் டெஸ்ட்டோதான். கோன் டெஸ்ட்ல 60 டிகிரி கூம்பை நொடிக்கு 2 சென்டிமீட்டர் வேகத்துல அழுத்திக்கிட்டே போவாங்க, மெல்லிய அடுக்கு கூட தப்பாது, ஆனா மண்ணு கையில வராது, அதனால பக்கத்துல ஒரு போர் ஹோலாவது வேணும்.

பாறை வந்தா

பாறை வந்துடுச்சுன்னு சந்தோஷமா நிறுத்தினா அது பாறாங்கல்லா இருக்கலாம். பாறையை உருளையா அறுத்து (அந்த உருளைதான் கோர்) எடுக்கற கோர் பேரல் மாட்டி குறைஞ்சது 3 மீட்டராவது உள்ள போய்ப் பாக்கணும். ரெட்டைக் குழாய் பேரல்னு கேளுங்க, ஒத்தைக் குழாய்ல தண்ணி நேரா கோர் மேல பட்டு சிதைஞ்ச பாறையை அரிச்சு எடுத்துட்டுப் போயிடும், நல்ல பாறை மட்டும் பெட்டியில இருக்கும்.

பாறை எவ்வளவு உடையாம இருக்குன்னு காட்டற ஆர்க்யூடி (RQD) கணக்கு சுலபம். 1.5 மீட்டர் கோர்ல வந்த துண்டுகள் 32, 18, 9, 25, 7, 14, 4, 22 சென்டிமீட்டர்னு வைங்க. மொத்தம் 131, அதை 150ஆல வகுத்தா ரெகவரி 87 சதவீதம். 10க்குக் கம்மியானதை விட்டுட்டு கூட்டினா 111, ஆர்க்யூடி 74. 75லேர்ந்து 90 வரைக்கும் நல்லது, 50லேர்ந்து 75 சுமார், 25க்குக் கீழ ரொம்ப மோசம். எடுக்கும்போது உடைஞ்ச இடம் புதுசா பளிச்சுன்னு இருக்கும், அதை ஒட்ட வச்சு ஒரே துண்டா எண்ணணும், பழைய விரிசல்ல துரு நிறமோ மண்ணோ படிஞ்சிருக்கும். கோர் வராம போன அந்த 19 சென்டிமீட்டர் எங்க போச்சுன்னு யோசிங்க, பெரும்பாலும் மோசமான பகுதிதான் கரைஞ்சு போயிருக்கும்.

தண்ணி மட்டம், லாக், மூடறது

போரிங் முடிச்ச உடனே அளந்தா அது நீங்க ஊத்தின தண்ணி. வெளிய இறைச்சுட்டு 24 மணி நேரம் விட்டு அளங்க. மணல்ல அதுக்குள்ள நிலைக்கு வந்துடும், களிமண்ணுல வராது, அங்க ஒரு மெல்லிசு ஓட்டைக் குழாய் இறக்கி வச்சு நாள் கணக்குல பாக்கணும். மழைக்காலத்துல எவ்வளவு ஏறும்ங்கறதுதான் டிசைனுக்கு வேண்டியது, அதனால கோடையில அளந்ததை மட்டும் வச்சு பேஸ்மென்ட் முடிவு பண்ணிடாதீங்க.

லாக்ல இருக்க வேண்டியது: ஓட்டையோட இடம், தரை மட்டம் எதை வச்சு அளந்துச்சு, எந்த முறை, கேசிங் எது வரைக்கும், ஒவ்வொரு அடுக்கும் தொடங்கி முடியற ஆழம், நிறம், ஈரம், சாம்பிள் நம்பர், மூணு அடி எண்ணிக்கையும், தண்ணி அளந்த நேரம், கரைசல் தொலைஞ்ச இடம். தரை மட்டத்தை விட்டுட்டா ரெண்டு போர் ஹோலைப் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிடவே முடியாது, ஆனா விட்டுப் போறது அதுதான் அதிகம். டைப் பண்ணின ரிப்போர்ட்டோட சேர்த்து சைட்ல கையால எழுதின லாக்கோட காப்பியையும் கேட்டு வாங்குங்க. சேறு படிஞ்சு கசங்கி இருந்தா நம்பலாம், ரொம்ப சுத்தமா ஒரே பேனாவுல ஒரே உக்காரல்ல எழுதின மாதிரி இருந்தா கேள்வி கேளுங்க.

ஓட்டையை தோண்டின மண்ணையே கொட்டி மூடாதீங்க, சிமென்ட்டும் பென்டோனைட்டும் கலந்து குழாய் வழியா அடியிலேர்ந்து மேல நிரப்பச் சொல்லுங்க. இல்லன்னா மேல இருக்கிற அழுக்குத் தண்ணி கீழ இருக்கிற நல்ல தண்ணிக்கு இறங்கிடும், பின்னாடி பேஸ்மென்ட் தோண்டும்போது அடியில அழுத்தத்துல இருக்கிற தண்ணி அதே ஓட்டை வழியா பீச்சிட்டு வரும்.

மிச்ச சாம்பிள் டப்பா, கோர் பெட்டி எல்லாத்தையும் அஸ்திவாரம் தோண்டி முடியற வரைக்கும் தூக்கிப் போடாதீங்க. குழி தோண்டும்போது லாக்கைக் கையில வச்சிக்கிட்டு மண்ணைப் பாருங்க. 2 மீட்டர்ல மணல் முடிஞ்சு கெட்டி களி வரும்னு லாக் சொல்லி, குழியில 2.5 மீட்டர் போயும் கருப்பா மெத்துன்னு மண்ணு வந்துட்டு இருந்தா கான்கிரீட் லாரிக்கு ஃபோன் போட்டு வர வேண்டாம்னு சொல்லிட்டு, இன்ஜினியரைக் கூப்பிட்டு அந்த இடத்துல இன்னொரு ஓட்டை போடுங்க.